எங்க தோட்டத்துக்கு கைகொடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம்தான் ட்ரஸ்ட் கணக்கு ஆடிட் முடிஞ்சுது, பணம் கொடுத்தவங்களுக்கு வரிச்சலுகைக்கான 80ஜி ரசீதெல்லாம் அனுப்பியாச்சு, ரொம்ப நன்றி. ஆனா ரசீது போட முடியாத உதவி பண்ணவங்கதான் இங்க ஜாஸ்தி, ஆடிட்டர் கிட்ட அவங்கள கணக்குல எந்த கட்டத்துல எழுதுறதுனு கேட்டா சிரிக்கிறாரு. அதான் இந்த மடல், கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ ஒண்ணு போட்டுக்கிட்டு உக்காந்து படிங்க.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி. புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கம் ரெண்டு ஏக்கர்ல பூ, கீரை, வெண்டை, கத்தரினு போட்டிருக்கோம், வேலை பாக்குறவங்க அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் இருக்கிற பெரியவங்க, இருபது வயசுலேர்ந்து நாப்பது தாண்டினவங்க வரைக்கும் இருக்காங்க. சிறப்புப் பள்ளி பெரும்பாலும் 18 வயசோட முடிஞ்சிரும், அப்புறம் என்ன? டிவி, திண்ணை, அம்மாவோட முந்தானை. அவ்ளோதான் நெறைய பேருக்கு.

முதல் நன்றி நெலம் கொடுத்த அய்யாவுக்கு. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் அடிச்சுதே, இந்த பக்கம் யாருக்கும் அந்த தேதிய சொல்லித்தர வேண்டாம். அவரு அப்பா காலத்து தென்னை மொத்தமும் படுத்திருச்சு. திரும்ப கன்னு வச்சு காய்ப்பு பாக்க எத்தனை வருசம் ஆகும், எனக்கு வயசாச்சு, சும்மா கெடக்குறதுக்கு நீங்க ஏதாவது பண்ணுங்கனு சாவிய கொடுத்துட்டாரு, குத்தகைனு ஒரு பைசா கேக்கல. தூரு பிடுங்க வந்த ஜேசிபி அண்ணன் டீசல் காசு மட்டும் வாங்கிக்கிட்டாரு. அண்ணே, அன்னிக்கு மதியம் நீங்க சாப்பிடாமயே போயிட்டீங்க, அது எங்க வீட்டம்மாவுக்கு இன்னும் மனசுல கெடக்கு.

போர் மோட்டார் கதை வெளியூர்க்காரங்களுக்கு புரியாது, சொல்றேன். எங்க பக்கம் ஆடி ஆவணில மொய் விருந்து வைப்பாங்க, கறிசோறு போட்டு மொய் வாங்குவாங்க, அது இனாம் இல்ல, ஒவ்வொரு ரூபாயும் நோட்டுல ஏறும், மொய் செஞ்சவங்க வீட்டு விருந்துல திருப்பி செஞ்சே ஆகணும். அப்படி வந்த பணத்துலேர்ந்து ஒரு அண்ணன் எங்க மோட்டாருக்கு எடுத்து கொடுத்தாரு. அதாவது கடன் தன் தலையில, தண்ணி எங்க பாத்தியில. நாங்க வேற யாருகிட்டயும் இப்படி கேட்டிருக்க மாட்டோம், இவருகிட்டயும் கேக்கல, அவரா கொடுத்தது.

அடுத்து பக்கத்து தோட்டத்து அப்பத்தா. மல்லி எடுக்குறது லேசுனு நினைக்கிறவங்க ஒருநாள் வந்து பாருங்க, விடியறதுக்கு முன்னாடி போகணும், வெள்ளையா பருத்த மொட்டு மட்டும் எடுக்கணும், பச்சை ஓடுற மொட்ட நாளைக்கு விட்டுரணும், காம்பு நசுங்கினா வெல போச்சு. இங்க வேலை பாக்குற தங்கச்சி ஒருத்திக்கு நாங்க வாயால எவ்வளவோ சொல்லி பாத்தோம், ஏறல. அப்பத்தா ஒண்ணுமே சொல்லல. ஒரு உள்ளங்கையில விளைஞ்ச மொட்டு, இன்னொரு கையில பிஞ்சு மொட்டு, ரெண்டையும் தடவி பாக்க வச்சுச்சு, தினமும் அதே மாதிரி, சலிக்காம. நான் ஒருநாள் இடையில போயி அவசரப்படுத்தினேன், ஏப்பா பூவுக்கே அவசரம் இல்ல ஒனக்கென்ன, போயி தண்ணிய பாருன்னு தொரத்தி விட்டுருச்சு. இப்போ அந்த புள்ள எடுக்குற கூடையில பிஞ்சு தேடினாலும் கெடைக்காது, என் கூடையில கெடைக்கும்!

பூ கமிஷன் கடை அண்ணாச்சிக்கு ஸ்பெஷல் நன்றி, அதுவும் எதுக்குனா ஒருதடவ எங்க பூவ திருப்பி அனுப்பினதுக்கு. மழை நாள்ல ஈரத்தோட கட்டி எடுத்துட்டு போயிட்டோம், ஈரப்பூ எனக்கு ஆகாது, யாரு கொண்டாந்தாலும் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. மத்தவங்க பாவம்னு எடுத்திருப்பாங்க, ரெண்டு ரூபா கூடவும் போட்டிருப்பாங்க. பாவப்பட்டு வாங்குற காசுல கூலி கொடுத்தா அது எத்தனை மாசம் ஓடும்? இவரு மத்த வெவசாயிக்கு என்ன வெலையோ அதே வெலை, அதே திட்டு. எங்க ஆளுங்க இப்போ பூவ சாக்குல பரப்பி ஒணத்தாம மூட மாட்டாங்க.

கொத்தனார் மாமா, உங்கள மறப்போமா. வீல்சேர்ல இருந்தே வேலை பாக்க உயரமா பாத்தி வேணும்னு கேட்டோம், ஹாலோ பிளாக் வச்சு தொட்டி மாதிரி கட்டினாரு. கட்டி முடிச்சிட்டு அவரே வீல்சேர்ல உக்காந்து பாத்தாரு, முட்டி இடிக்குது, ஒருக்களிச்சு உக்காந்துதான் களை எடுக்கணும், நாள் பூரா அப்படி இருந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்னு சொல்லிட்டு ஒரு பக்கத்த இடிச்சு கீழ காலு போற மாதிரி கடப்பாக்கல்லு வச்சு மாத்தி கொடுத்தாரு. ரெண்டாவது தடவ பண்ணதுக்கு கூலி வாங்கல. கீரைக்கு கொஞ்சூண்டு மண்ணு ஆழம் போதும், அரைக்கீரை அதுல ஜம்முனு வருது.

ரிட்டயர்ட் தலைமையாசிரியர் சார், உங்க பேனாவுக்கு நன்றி. கூலிய அவங்கவங்க அக்கவுண்ட்லயே போடணும்னு நாங்க முடிவு பண்ணினா ஒரு பேங்க்ல கார்டியன் சர்டிபிகேட் இல்லாம முடியாதுனு திருப்பி விட்டாங்க. 18 வயசு முடிஞ்சா பெத்தவங்களே ஆனாலும் தானா கார்டியன் ஆக முடியாது, 1999 நேஷனல் ட்ரஸ்ட் சட்டப்படி கலெக்டர் இருக்கிற உள்ளூர் குழுகிட்ட மனு போடணும், இது நெறைய வீடுகளுக்கு தெரியவே தெரியாது. சார் ஒவ்வொரு வீடா போயி எழுதினாரு. அதோட நிக்காம இவங்களுக்குனே இருக்கிற நிராமயா மருத்துவ இன்சூரன்ஸும் போட்டு விட்டாரு, வருசத்துக்கு 1 லட்சம் ரூபா வரைக்கும், சேர்றதுக்கு முன்னாடி மெடிக்கல் டெஸ்ட் கெடையாது. உங்க வீட்லயும் ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ இருக்கிறவங்க இருந்தா இன்னிக்கே விசாரிங்க, நன்றி மடல்ல விளம்பரமானு நினைச்சுக்காதீங்க.

அப்புறம் சமையல் பாக்குற அம்மாமார்களுக்கு தனியா நன்றி சொன்னா திட்டு விழும், எங்க புள்ளைக்கு நாங்க செய்றதுக்கு என்னப்பா நன்றினு. சரி, சொல்லல.

ஒரே ஒரு வேண்டுகோள், கோவிச்சுக்காதீங்க. பொறந்தநாளுக்கு கேக் எடுத்துட்டு வந்து வரிசையா உக்கார வச்சு போட்டோ எடுக்குறது வேணாம். வேலை நேரம் அது. வரணும்னு ஆசையா இருந்தா காலையில ஆறு மணிக்கு வாங்க, களைக்கொத்து தர்றோம், பக்கத்துல உக்காந்து ஒரு பாத்தி முடிங்க, எங்க ஆளுங்க தப்பா களை எடுக்குறவங்கள சும்மா விட மாட்டாங்க, தயாரா வாங்க.

வெண்டை அடுத்த வாரத்துலேர்ந்து வரும், வேணும்ங்கறவங்க முதல் நாள் சாயந்தரமே சொல்லிருங்க, துணிப்பை கொண்டாங்க. போன தடவ வந்த யாரோ மூணடுக்கு டிபன் கேரியர விட்டுட்டு போயிட்டீங்க, மூடில முல்லைப் பூ படம் போட்டது, வந்து எடுத்துக்குங்க, இல்லாட்டி அப்பத்தா எடுத்துக்கும், ஏற்கனவே கண்ணு வச்சிருச்சு.