கோட்டா மட்டும் போட்டா கொரியா ஆயிட முடியாது

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல கொரியன் சினிமா பத்தி வந்த கட்டுரை படிச்சேன். தியேட்டர்ல வருஷத்துக்கு இத்தனை நாள் உள்ளூர் படம்தான் ஓட்டணும்னு கோட்டா போட்டாங்க, அதனாலதான் ஆஸ்கர் வரைக்கும் போனாங்க, நாமளும் அதையே செய்யணும்னு முடிச்சிருந்தாங்க. பாதி கதைதான் சார் இது. மீதிய விட்டுட்டா தப்பான பாடத்தைத்தான் எடுத்துக்குவோம்.

அந்த கோட்டா 1966 சட்டத்துலயே வந்தது. அது இருக்கும்போதேதான் எழுபதுகள்ல அவங்க சினிமா படுத்துச்சு. ராணுவ ஆட்சியாளர் பார்க் சுங்-ஹீ காலத்துல ஹாலிவுட் படம் இறக்குமதி பண்ண லைசென்ஸ் வேணும்னா உள்ளூர்ல படம் எடுத்துக் காட்டணும்னு ஒரு ரூல், லாபம் பூரா வெளிநாட்டுப் படத்துல இருந்ததால கம்பெனிக்காரங்க கணக்குக்கு ஒரு படத்தை கம்மி செலவுல அவசரமா சுருட்டிட்டு, அது ஓடுச்சா இல்லையான்னு கூட திரும்பிப் பாக்காம லைசென்ஸ வாங்கிட்டுப் போயிட்டே இருந்தாங்க. சட்டம் எண்ணிக்கை கேட்டுச்சு, எண்ணிக்கை கிடைச்சுது. இது போதாதுன்னு சென்சார் வேற, ஸ்க்ரிப்ட்டையும் காட்டணும் எடுத்து முடிச்ச படத்தையும் காட்டணும். லீ மான்-ஹீன்னு ஒரு டைரக்டர், வடகொரிய சிப்பாய்ங்கள மனுஷங்களா காட்டிட்டார்னு 1965ல அவரைக் கைது பண்ணாங்க. அப்புறம் யாருக்கு சார் தைரியம் வரும்?

1988ல அமெரிக்க கம்பெனிங்க நேரடியா படம் ரிலீஸ் பண்ண ஆரம்பிச்சதும் பெரிய போராட்டம், எதிர்ப்பு முத்திப்போய் தியேட்டருக்குள்ள பாம்பை விடற அளவுக்குப் போச்சு. கோட்டா அப்போ வருஷத்துக்கு 146 நாள். அப்படி இருந்தும் 1993ல உள்ளூர் படத்தோட பங்கு 16 சதவீதம் கிட்டதான்.

மாத்தினது வேற விஷயங்கள். 1984ல அரசாங்கமே ஒரு சினிமா அகாடமி ஆரம்பிச்சுது, 'பாரசைட்' படம் எடுத்த பாங் ஜூன்-ஹோ அங்க படிச்சவர்தான். 1996ல படத்தை முன்கூட்டியே சென்சார் பண்றது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு அவங்க அரசியல் சட்ட கோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு, அதே வருஷம்தான் அவங்க பூசான் நகரத்துல சர்வதேச திரைப்பட விழாவும் ஆரம்பம். 1999ல சினிமாக்காரங்களையும் உக்கார வச்சு திரைப்பட கவுன்சில் அமைச்சாங்க. 2001ல பாத்தா டிக்கெட் விற்பனையில பாதி உள்ளூர் படத்துக்கு!

2006ல அமெரிக்காவோட வர்த்தக ஒப்பந்தம் பேசறதுக்காக கோட்டாவ 73 நாளா குறைச்சாங்க. நடிகர்கள் எல்லாம் ரோட்டுக்கு வந்தாங்க, சில வருஷம் தடுமாறினாங்க, ஆனா விழல. கோட்டா வேஸ்ட்னு நான் சொல்லல, மோசமான காலத்துல தியேட்டர்ல ஒரு இடத்தையாவது அது பிடிச்சு வச்சுது. அந்த இடத்துல நல்ல படம் ஓடணும்னா பயமில்லாம எழுத ஆள் வேணும்.

அரசாங்க பணம் எப்ப வேணா ஆபத்தாவும் மாறும்ங்கிறதையும் கட்டுரை தொடவே இல்ல. முந்நூறு பேர் கிட்ட செத்துப்போன செவோல் கப்பல் விபத்து பத்தின டாகுமெண்டரிய பூசான் விழாவுல 2014ல போட்டாங்க, மேயர் போடக்கூடாதுன்னு சொல்லியும் போட்டாங்க, அடுத்த வருஷமே விழாவுக்கான அரசு நிதி கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது. அதிபர் பார்க் கியுன்-ஹே ஆட்சியில கலைத்துறைக்காரங்க 9,000 பேருக்கு மேல பிளாக்லிஸ்ட்ல வச்சிருந்தது 2016ல வெளிய வந்துச்சு. ஒதுக்கி வச்ச கலைஞர்கள் வரிசையில பாங் ஜூன்-ஹோவும் இருந்தார். 2020ல நாலு ஆஸ்கர் வாங்கின அதே மனுஷன்!

நம்ம ஊருக்கு வருவோம். 2006ல தமிழ்ப் பேர் வச்சா கேளிக்கை வரி கிடையாதுன்னாங்க, படங்களுக்குப் பேர் மாறுச்சு, கதை மாறல. 2021ல சென்சார் போர்டு முடிவை எதிர்த்து அப்பீல் பண்ற ட்ரிப்யூனலையே மத்திய அரசு கலைச்சிடுச்சு, இப்ப நேரா ஹைகோர்ட்டுக்குத்தான் போகணும். பெரிய ஹீரோ படம்னா வக்கீல் வச்சு போயிடுவாங்க, வட்டிக்கு வாங்கி முதல் படம் எடுத்து ரிலீஸ் தேதியும் குறிச்சிட்ட பையன் என்ன பண்ணுவான்? நீங்க கோட்டா கேக்கறதுக்கு முன்னாடி அந்த ட்ரிப்யூனல் திரும்ப வேணும்னு ஒரு தலையங்கம் எழுதுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
திருச்சி