பினாங்கு ஆயர் ஈத்தாம் சந்தையில் நின்று பேசிய அக்காவுக்கு

சனிக்கிழமை காலை ஆயர் ஈத்தாமில், தீவனக் கடை முன்னால் நான் புலம்பியதைக் கேட்டு நின்ற அக்காவுக்கு நன்றி. பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை.

எங்கள் கோழி சிவப்பி வாலைத் தொங்கப்போட்டு, பென்குவின் மாதிரி நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் சளி மருந்தை நீட்டினார். நீங்கள்தான், "முட்டை அடைச்சிருக்கும்மா. வயித்த அமுக்கிடாதே, உள்ளே உடைஞ்சா போச்சு. சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடு" என்றீர்கள்.

வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் உட்காரவைத்தேன். (துணி துவைக்கும் பேசினில்தான், மாமியார் இன்னும் பேசவில்லை.) அப்புறம் துடைத்து, இருட்டான பெட்டியில் விட்டேன். நான்கு மணிக்கு, ஓடு சரியாகக் கட்டாமல், தோல்போல ஒரு முட்டை வந்து விழுந்தது. ஓடு கெட்டியாகட்டும் என்று இப்போது கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமையும் வருவீர்களா, அக்கா?