கணக்கைக் கேட்டு வாங்கும் கேள்விகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாடாளுமன்றம் என்றாலே தொலைக்காட்சியில் அமளிதான் தெரிகிறது. அமளி நடக்கும் அதே நாளில், மக்களவையில் 230 கேள்விகள் வரை அமைச்சர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். நட்சத்திரக் குறியிடாத கேள்விகள் என்று இவற்றுக்குப் பெயர். பதிலைத் தொடர்ந்து அவையில் துணைக்கேள்வி கேட்க இடமில்லைதான். ஆனால் எழுதிக் கொடுத்த பதில் அவைக் குறிப்பில் நிற்கும்.

2020 செப்டம்பர் கூட்டத்தொடரை என்னால் மறக்க முடியவில்லை. கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துக் கேள்விகள் மட்டுமே மிஞ்சின. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பிய கணக்கு மட்டும் அதனிடம் இருந்தது! சில நாட்களிலேயே மாநிலங்களவையில் திரிணாமூல் காங்கிரஸ் உறுப்பினர் டெரிக் ஓ பிரையன் கேட்ட கேள்விக்கு, தொழிலாளர்களை ஊருக்கு அனுப்ப விடப்பட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாக ரயில்வே அமைச்சர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். எந்த அமைச்சரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்டதன் பலன் அது.

இன்னொரு வழக்கமான பதில், ‘தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்’ என்பது. அது உறுதிமொழியாகக் கொள்ளப்படும். மூன்று மாதங்களில் நிறைவேற்ற வேண்டும். இதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதல் ஒரு குழுவே இருக்கிறது. கேட்ட உறுப்பினரே மறந்துவிட்டால் குழு இருந்து என்ன பயன்?

கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களில், நம் தொகுதி எம்.பி.க்கள் என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

– வாசகர், திண்டுக்கல்