மேட்டூர் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரை ஒன்றில், தஞ்சாவூர்ப் பக்கம் வசந்தம் என்று ஒன்றே கிடையாது, பனி விட்டால் வெயில்தான் என்று எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் போகிறவருக்கு அப்படித்தான் தெரியும். நான் திருவையாற்றுக்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவன். மாசி பாதியிலிருந்து பங்குனி பாதி வரை, கூட்டினால் நாலு வாரம், எங்களுக்கும் வசந்தம் வந்துவிட்டுத்தான் போகிறது. புத்தகக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். அதை நம்பிக் காத்திருந்தால் வேர்வைதான் மிச்சம்.

முதலில் தெரிவது குயில். தியாகராஜர் ஆராதனைப் பந்தலைப் பிரித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் விடியலுக்கு முன்னால் படித்துறை அரசமரத்திலிருந்து 'கூ' என்று பாதிக் குரல் வரும், அவ்வளவோடு நின்றுவிடும். ஜலதோஷம் பிடித்த பாகவதர் சுருதி பார்க்கிற மாதிரி இருக்கும். நாலைந்து நாள் கழித்துத்தான் படிப்படியாக ஏறுகிற முழுக் கூவல். அந்தக் கட்டுரைக்குப் போட்ட படத்தின் கீழே 'பெண்குயிலின் கானம்' என்று இருந்தது. படத்தில் இருப்பது கறுப்பு உடம்பும் சிவப்புக் கண்ணுமாக ஆண். கூவுகிறதும் அதுதான். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும், கிக்கிக்கென்று கத்தும். கோபித்துக்கொள்ளாதீர்கள், எழுதத் தோன்றியது.

இரண்டாவது புங்கை. என்னைக் கேட்டால் எங்கள் வசந்தம் பூவில் இல்லை, இந்த மரத்தின் இலையில் இருக்கிறது. மாசியில் அதன் பழைய இலையை ஒன்று எடுத்துப் பாருங்கள். பூச்சி உள்ளே புகுந்து தின்ற வெள்ளைக் கோடு கன்னாபின்னாவென்று ஓடும், குழந்தை சிலேட்டில் கிறுக்கினாற்போல. அதெல்லாம் மஞ்சளாகி, பத்துப் பதினைந்து நாளில் கொட்டித் தீரும். மரம் மொட்டையாக நிற்கிறதே என்று நாம் நினைக்கும்போதே தளிர் வந்துவிடும். எண்ணெய் தடவித் துடைத்ததுபோல ஒரு பச்சை. காலை வெயில் பின்னாலிருந்து பட்டால் இலைக்குள்ளே விளக்கு எரிகிற மாதிரி இருக்கும். தபால் பையை இறக்கிவைத்துவிட்டு அதன் கீழ் நின்றிருக்கிறேன், தாமதத்துக்குத் திட்டும் வாங்கியிருக்கிறேன். அப்புறம்தான் பூ. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, ரோட்டில் பொரி இறைத்தாற்போல உதிர்ந்து கிடக்கும். எங்கள் சாலையை அகலப்படுத்தியபோது அந்த வரிசையில் மூன்று மரம் போயிற்று. பெயிண்டில் நம்பர் போட்டிருந்தார்கள், நம்பர் போட்டால் காப்பாற்றத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் அணையைச் சாத்தினால், கொஞ்ச நாளில் எங்கள் குடமுருட்டி ஆற்றில் மணல் தெரிந்துவிடும், பையன்கள் ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள். ஆறு காய்ந்த பிறகு மரம் துளிர்க்கிறது! ஐப்பசி கார்த்திகை மழையும் ஆற்றுத் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கி நிற்பது ஆழ வேர் விட்ட மரத்துக்குத் தெரிகிறது, நமக்குத்தான் தெரிவதில்லை.

வயலிலும் அதே கதைதான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, கதிர் நிற்கும்போதே, ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். அறுப்பு முடிந்தால் தாளுக்கு நடுவில் முளை நிற்கும். அதற்குத் தண்ணீர் கட்டுகிற பேச்சே இல்லை, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று நாம் நடுங்குகிற பனியில்தான் அது மஞ்சளாகப் பூக்கிறது. குனிந்து இலையை விலக்கினால்தான் பூ தெரியும். இப்போது பெல்ட் போட்ட அறுப்பு வண்டி ஓடின தடத்தில் முளை நசுங்கிப்போய், வயலில் கோடு கோடாக வெறுந்தரை தெரிகிறது. ஆள் கிடைக்காத ஊரில் யாரைக் குறை சொல்வது?

மாவடு சந்தைக்கு வருவதும், பனிக்கு இங்கே வந்திருந்த தகைவிலான் குருவிகள் வடக்கே கிளம்புமுன் கரண்ட் கம்பியில் வரிசை கட்டி உட்காருவதும் இந்த நாட்களில்தான். வேம்பு செம்புநிறத்தில் தளிர் விட்டுப் பூத்ததும் வீட்டில் என் பழைய வேட்டி காணாமல் போகும். தேடினால் மரத்தடியில் விரித்துக் கிடக்கும். வருஷத்துக்கான வேப்பம்பூ ரசம் அதில் விழுந்துகொண்டிருக்கும்.

ஆகவே ஒரு விண்ணப்பம். மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் ஒரு மூலையில் போடுகிறீர்கள். அணை சாத்தியிருக்கும் மாசி பங்குனியிலும் போடுகிறீர்கள். வழக்கமாக அணை திறக்கிற ஜூன் 12 வரைக்கும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர எங்களுக்கு வேலையில்லை. அதன் பக்கத்திலேயே இரண்டு வரி இடம் விட்டால், எந்த ஊரில் குயில் கூவிற்று, எங்கே புங்கை துளிர்த்தது என்று வாசகர்கள் எழுதிப்போடுவார்கள். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தை வாரா வாரம் பார்த்துக் குறித்து வருகிறார்கள், கேரளத்தில் இது மும்முரமாக நடக்கிறது. சித்திரை விஷுவுக்குக் காத்திராமல் கொன்றை முன்கூட்டியே பூத்துவிடுகிறது என்று அங்கே பேச்சு எழுந்தால், எடுத்துக்காட்ட ஒரு குறிப்பாவது இருக்கிறது. என்னிடம் இருப்பதெல்லாம் கிழித்துப் பத்திரப்படுத்திய காலண்டர் தாள்கள்தான், அதிலும் பாதியைக் கரையான் தின்றாயிற்று.

இந்த வருஷம் எங்கள் படித்துறைக் குயில் மாசி 9, காலை ஐந்தேகால். முதல் வரியாக இதையே போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
குடமுருட்டிக் கரை, திருவையாறு வட்டம்