கொழும்புத் தலைமை அலுவலகங்களுக்கு: 'பை-மன்த்லி' என்றால் காசு எப்ப வரும்?

வன்னியில் பொருள் வாங்கும், கடன் கொடுக்கும் கம்பனிகளின் முகாமையாளர்களுக்கு,

வணக்கம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் கொமினிக்கேசன் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பும் ஆங்கிலக் கடிதங்களைப் போட்டோக்கொப்பி அடிக்கக் கொண்டுவரும் சனம், "தம்பி, இதில என்ன போட்டிருக்கு?" என்று என்னையே கேட்கும். வாசிக்கத் தெரியும். ஆனால் சில வசனங்களுக்கு எழுதிய உங்களிடம்தான் விளக்கம் கேட்கவேண்டியிருக்கிறது.

விசுவமடுப் பக்கத்து மாதர் சங்கமொன்று ஒரு கம்பனிக்குக் கச்சான் கொடுத்தது. காசு 'பை-மன்த்லி' வருமென்று ஒப்பந்தத்தில் இருந்தது. மாதத்தில் இருமுறை என்று எண்ணி, ஆய்ந்த பெண்களுக்குக் கூலி நாள் சொல்லிவிட்டார்கள். கம்பனியோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று நினைத்திருந்தது. கூலிக்காரர் வாசலுக்கு வந்தபோதுதான் விசயம் வெளித்தது. ஆர் பிழை? அகராதியில் இரண்டு பொருளுமே இருக்கிறது! 'பை-வீக்லி'யும் அதே கூத்துத்தான்: கிழமைக்கு இருமுறையா, இரண்டு கிழமைக்கு ஒருமுறையா? "ஒவ்வொரு மாதமும் 1ஆம், 15ஆம் திகதிகளில்" என்று எழுதிவிட்டால் ஆரும் அகராதி தேடவேண்டியதில்லை.

'ரிவேர்ட்' இன்னொன்று. இங்கும் இந்தியாவிலும் "பதில் தருவோம்" என்ற கருத்தில் எழுதுகிறோம். ஆங்கிலத்தின் பொதுவழக்கில் அது பழைய நிலைக்குத் திரும்புவது. விலை கூட்டிக் கேட்டவருக்கு 'வீ வில் ரிவேர்ட்' என்று பதில் வந்தால், பழைய விலைக்கே போகப்போகிறார்களோ என்று வெளிநாட்டில் இருக்கும் அவரின் மகள் வாசித்துச் சொல்லுவாள். "வெள்ளிக்கிழமைக்குள் பதில் தருவோம்" என்றால் அந்தப் பயமே இல்லை.

புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் 'மூவ் ஃபோர்வேர்ட்' செய்தால், அதாவது முன்னுக்குத் தள்ளினால், அது திங்களா, வெள்ளியா? ஆங்கிலம் தாய்மொழியானவர்களிடம் ஆய்வாளர்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். எங்கள் சனத்துக்கு ஆங்கிலம் போதாது என்று சொல்லமுதல் இதை யோசியுங்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு எரிச்சல் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'. தேவையானதைச் செய்யவாம். எது தேவை? கையெழுத்தா, பிணையாளியா, அடையாள அட்டைக் கொப்பியா? முழங்காவிலில் இருந்து பஸ் ஏறி வந்தவரிடம் நான் எதைச் சொல்ல? இதையெல்லாம் 'பிஸ்னஸ் இங்கிலீஷ்' என்று வகுப்புகளில் பெடியளுக்குப் பாடமாக்குவிக்கிறார்கள். நாளைக்கு உங்கள் அலுவலகத்தில் இருந்து அவர்களும் இதையே எழுதுவார்கள்.

வடக்கு கிழக்கில் தமிழை நிருவாக மொழியாக்கியது 1988இல் வந்த 16ஆம் அரசியலமைப்புத் திருத்தம். அது அரச அலுவலகங்களுக்கு. தனியார் கம்பனிகளான உங்களிடம் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. ஆங்கிலத்தை விடச் சொல்லவும் இல்லை. திகதியைக்கூட 03/04 என்று போடாமல் மாதத்தின் பெயரை எழுதுங்கள், எங்களுக்கு அது ஏப்ரல் 3, அமெரிக்க வழக்கில் மார்ச் 4. என்ன செய்யவேண்டும், ஆர் செய்யவேண்டும், எந்த நாளுக்குள், எவ்வளவு காசு என்பவற்றை மட்டும் கடிதத்தின் கடைசியில் தமிழிலும் நாலு வரி போட்டுவிடுங்கள். அதற்குக் கீழே, தமிழில் கதைக்கக்கூடிய ஒருவரின் தொலைபேசி இலக்கமும் வேண்டும். அடுத்த கச்சான் ஒப்பந்தம் எழுதமுதல் இதைச் செய்தால் நல்லம்.

இப்படிக்கு,
கிளிநொச்சிக் கொமினிக்கேசன் கடைக்காரன்