மூன்றாம் அடுக்கின் ஜாதகத்தைக் காட்டுங்கள்

அறிவியல் செயற்கைக்கோள்களுக்கு ஏவூர்தி தேர்வு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு எதிரே, பழவேற்காடு ஏரியின் இக்கரையில் சூளூர்ப்பேட்டை, தடா, ஆரம்பாக்கம் பக்கத்துத் தமிழ்ப் பொறியாளர்கள் சிலர் எழுதுகிறோம்.

இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ஏவூர்திக்கு வயதாகிவிட்டது, இனி விஞ்ஞானக் கலங்களை அதில் ஏற்ற வேண்டாம் என்று பேச்சு அடிபடுகிறது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. 1993-ல் முதலில் பறந்த வடிவம்தான். ஆனால் சந்திரயான்-1, மங்கள்யான், அஸ்ட்ரோசாட், ஆதித்யா-எல்1, எக்ஸ்போசாட் எல்லாம் அதில்தானே போயின? எந்த நொடியில் எவ்வளவு அதிரும் என்பது தெரிந்த வண்டி. ஒன்றன்பின் ஒன்றாக எரியும் நான்கு அடுக்குகளில் கடைசியான நான்காம் அடுக்கை அணைத்து மறுபடி பற்றவைக்கலாம். அஸ்ட்ரோசாட்டுக்கு வேண்டியிருந்தது நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்வுள்ள பாதை, ஏவுதளமோ அந்தக் கோட்டுக்கு 13.7 பாகை வடக்கே இருக்கிறது. மேலே போய்ப் பாதையின் சாய்வைத் திருப்பித்தான் கொண்டு சேர்த்தார்கள்.

வடிவத்தின் வயது வேறு, திட எரிபொருளை உறைக்குள் வார்த்து வைத்த மோட்டாரின் வயது வேறு. கேள்வி இரண்டாவதைப் பற்றியது. 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி.-சி61 பயணத்தில் மூன்றாம் அடுக்கு எரியும்போது எரி அறையின் அழுத்தம் விழுந்தது. 2026 ஜனவரி 12 அன்று அடுத்த பயணமான சி62-லும் அதே அடுக்கு எரிந்து முடியும் கட்டத்தில் கோளாறு.

திரவ எஞ்சினை மகேந்திரகிரி சோதனை மையத்தில் எரித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம். மூன்றாம் அடுக்கு சுமார் 7.6 டன் திட எரிபொருள். தீக்குச்சி மாதிரி, உரசிப் பார்த்தால் தீர்ந்தது. ஆகவே எக்ஸ்ரே படமும் தொகுதிப் பதிவேடும்தான் அதற்குச் சாட்சி. உறை, வெப்பக்காப்பு, ஒட்டுப்பூச்சு, எரிபொருள் என்று நான்கும் ஒன்றோடொன்று பிடித்திருக்க வேண்டும். ஈரம், எரிபொருளில் ஆக்சிஜன் தரும் உப்பான அமோனியம் பெர்குளோரேட்டையும் ஒட்டுப்பூச்சையும் கெடுக்கும். நாளாக ஆக எரிபொருளைப் பிணைக்கும் ரப்பர் பிசின் இறுகும். இங்கே ஏரிக்காற்றில் கதவுக் கீலே ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை!

ஒன்றைக் கவனியுங்கள். எரிபொருளில் விரிசல் விழுந்தால் எரிபரப்பு கூடி அழுத்தம் ஏறும். உறையோ, புகை வெளியேறும் நாசில் குழாயின் மூட்டோ கசிந்தால் இறங்கும். சி61-ல் இறங்கியது. ஆகவே பழியை எரிபொருளின் முதுமைமேல் மட்டும் போடுவது அவசரம். உறையையும் மூட்டையும் முதலில் பாருங்கள். சி61 விசாரணை அறிக்கை பொதுவெளிக்கு வராமலே சி62 ஏறியதுதான் எங்கள் மனத்தாங்கல்.

உங்கள் கலத்துக்கு ஒதுக்கப்படும் மோட்டார் வார்த்த தேதி, ஒட்டுப்பூச்சுத் தொகுதி எண், சேமிப்பில் இருந்த நாட்களின் ஈரப்பதப் பதிவு இவற்றைக் கேட்டு வாங்குங்கள். அதே கலவையில் எடுத்து வைத்த மாதிரித் துண்டை இப்போது இழுத்துப் பார்த்து, வார்த்தபோது வந்த அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தரமறுத்தால் அந்த மோட்டார் வேண்டாம். வேறு தொகுதி கேளுங்கள்.

மூன்றாம் அடுக்கைத் திருத்திய பிறகு போகும் முதல் பயணத்தில் தொலைநோக்கியை ஏற்றாதீர்கள். அதில் வெறும் எடையோ, திரும்பச் செய்யக்கூடிய சிறு கலங்களோ போகட்டும். தகவல்தொடர்புக் கோள் விழுந்தால் இன்னொன்று கட்டலாம். பத்தாண்டு உழைத்துச் செய்த எக்ஸ்ரே உணர்கருவிக்கு இரட்டைப் பிள்ளை கிடையாது. அதனால் ஏவும் தேதி குறிக்கும் முன்பே உபரி உணர்கருவி ஒன்றைச் செய்து, சோதித்து, பூட்டி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரைப் பொறியாளர்கள்