கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றலாமா என்று கேட்ட மாப்ளேக்கு

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. மதுரையில் காளவாசல் சிக்னலிலும் கோரிப்பாளையத்திலும் நிமிடத்துக்கு நாலு தடவை கிளட்ச்சை மிதித்தால் எந்தக் கால்தான் தாங்கும்? பழையதாக இருந்தாலும் ஆட்டோமேட்டிக்காகப் பார்த்து வாங்கினாயே, அது சரியான முடிவு. என் தங்கச்சி வண்டியை முதல் நாளே ஓட்டிப் பார்த்துவிட்டாள் என்பது அதைவிடச் சந்தோஷம்.

வண்டி வாங்கிய கையோடு மெக்கானிக்கிடம் கொண்டுபோனாய், அவர் "கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் தொட்டுடாதீங்க சார், தொட்டா பாக்ஸ் போயிடும்" என்றார், இப்போது என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். என் பதில்: மாற்று. ஆனால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போனால் தப்பு.

ஊரில் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஆயிலைப் பற்றி நினைப்பதே எப்போது? வண்டி கியர் ஏறும்போது இடிக்க ஆரம்பித்த பிறகு, அல்லது ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாதபோது. அதற்குள் உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளின் முகம் தேய்ந்து, அந்தத் தூள் ஆயிலிலேயே கலந்து சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் புது ஆயில் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் பாக்ஸ் போகப்போகிறதுதான். ஆயில் மாற்றிய மறுவாரம் போனால் பழி ஆயில்மேல் விழுகிறது. இப்படி நாலு வண்டியைப் பார்த்த மெக்கானிக், அஞ்சாவது வண்டிக்காரரிடம் "தொடாதே" என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே முதலில் உன் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பார். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டு டி-யில் (முன்னே போகும் டிரைவ்) போடு. ஒரு நொடிக்குள் வண்டி லேசாக இழுக்க வேண்டும். ஆர்-லும் (ரிவர்ஸ்) அப்படியே. பிறகு ரிங் ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டி, இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறும் இடத்தில் எஞ்சின் தனியாக உறுமுகிறதா என்று காது கொடுத்துக் கேள். இரண்டும் சரியாக இருந்தால் ஆயில் மாற்றுவது லாபம். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் ஆயிலுக்குச் செலவழிக்காமல் ஆட்டோமேட்டிக் பாக்ஸ் பிரித்துப் பழகியவரிடம் கொண்டுபோ.

இன்னொன்று. ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் ஊரில் பல வகைப் பெட்டிகள் ஓடுகின்றன. உன்னுடையது 2017-க்கு முந்தைய பெட்ரோல் டிசையர் என்றால் அது நாலு கியர், டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகவே கியருக்குக் கடத்தும் உருளை) வைத்த பழைய நல்ல பெட்டி. நான் எழுதுவதெல்லாம் அதற்குத்தான். அதற்கப்புறம் வந்தவற்றில் இருப்பது ஏ.எம்.டி., அதாவது சாதாரண மேனுவல் பெட்டிக்கு கிளட்ச் மிதிக்கவும் கியர் போடவும் ஒரு எந்திரக் கையை வைத்திருப்பது. அதில் ஊற்றுவது வேறு ஆயில், கழற்றி மாற்ற ஃபில்டரும் கிடையாது. சி.வி.டி., அதாவது பல்சக்கரக் கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் வைத்த பெட்டி என்றால், அதற்கென்றே தனி ஆயில் இருக்கிறது. அதில் சாதாரண ஏ.டி.எஃப்., அதாவது வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் வழுக்கித் தேய்ந்து போகும். எதுவானாலும் வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும் ஆயில் பெயரைத்தான் நம்ப வேண்டும். "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று முதுகில் இருபது பெயர் அச்சடித்த டப்பாக்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கிளட்ச் பிளேட் எவ்வளவு வழுக்க வேண்டும், எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பதை அந்த ஆயில்தான் தீர்மானிக்கிறது. ஒரே ஆயில் எல்லாருக்கும் எப்படிப் பொருந்தும்?

இந்த ஆயில் பாவம், பாலிடெக்னிக்கில் நாம் படித்த எந்த லூப்ரிகண்டும் செய்யாத அளவு வேலை செய்கிறது. டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சினின் சக்தியைக் கடத்துவது அதுதான். வால்வுகள் வழியாக அழுத்தமாகப் போய் கிளட்ச்சுகளைப் பிடிக்க வைப்பதும் அதுதான். பல்சக்கரங்களுக்கு மசகு, சூட்டை ரேடியேட்டர் பக்கம் சுமந்துபோகும் கூலி, எல்லாம் அதுவே. சூடுதான் அதன் எமன். நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டியும், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வண்டியும் நெடுஞ்சாலையில் சீராகப் போகும் வண்டியைவிட ஆயிலை வேகமாகக் கெடுக்கும். நீ இரண்டும் செய்கிறவன்.

இங்கே என் வண்டி 2006 கொரோலா, அதுவும் நாலு கியர்தான். பையன் இப்போது அதில்தான் ஓட்டக் கற்கிறான். சர்வீஸுக்கு விட்ட ஓர் இடத்தில் "இது ஆயுள் முழுக்கத் தாங்கும் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்றார்கள். வாரண்டி முடியும்வரை தாங்கினால் அவர்களுக்குப் போதும். எனக்கு அந்த வண்டி பையன் கல்லூரி முடிக்கும்வரை ஓட வேண்டும். பாரம் ஏற்றியும் இழுத்தும் ஓட்டுகிறவர்கள் 60,000 மைலில், ஏறக்குறைய 96,000 கிலோமீட்டரில், மாற்ற வேண்டும் என்று டொயோட்டாவின் அட்டவணையே சொல்கிறது. நான் பாரம் இழுப்பதில்லை. ஆனாலும் அந்தக் கணக்கில்தான் மாற்றுகிறேன். போன மாதம் வீட்டு முன்னாலேயே பையனையும் கூட வைத்துக்கொண்டு பேனை, அதாவது கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி, ஃபில்டரையும் சேர்த்து மாற்றினேன்.

வண்டியைத் தூக்குவது பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதே, ஸ்டாண்டு வை, சக்கரத்துக்குக் கட்டை போடு. கொஞ்சம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் நன்றாக இறங்கும். கொதிக்கும்போது திறந்தால் கை வெந்துவிடும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இல்லாத வண்டி என்றால், ஆயில் ஊற்றும் மூடியை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் கீழே திற. மேல் மூடி துருப்பிடித்து வராமல் நின்றுவிட்டால் காலிப் பெட்டியோடு மாட்டிக்கொள்வாய். அப்புறம், கீழே ஆயில் வடிக்கும் பிளக் இரண்டு தெரியும். ஒன்று எஞ்சினுடையது. ஆள் தெரியாமல் அதைத் திறந்து எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு, மேலே கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். என் வண்டியில் கியர்பாக்ஸ் பிளக்குக்கு 10 மில்லிமீட்டர் ஆலன் சாவி. வடிவது சிவப்பா என்று முதல் சொட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுமார் மூன்று லிட்டர் இறங்கியது. அதை அளவு போட்ட பாட்டிலில் ஊற்றி வைத்தேன். எவ்வளவு வடிந்ததோ அவ்வளவு ஊற்ற வேண்டும் என்பது இந்த வேலையில் பாதி. நிறம் காப்பிக்கும் சிவப்புக்கும் நடுவில் இருந்தது, தீய்ந்த வாடை இல்லை. உன்னுடையது வடியும்போது மூக்கை வைத்துப் பார். கருத்துப்போய், கருகிய வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. இளஞ்சிவப்பாகப் பால் போலக் கலங்கி வந்தால் ரேடியேட்டருக்குள் ஓட்டை விழுந்து கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) கலந்துவிட்டது. அன்றே வண்டியை நிறுத்திவிடு.

பிளக்கில் வடித்துவிட்டோமே என்று நினைத்துப் பேனை நேராகக் கழற்றாதே. அதில் இன்னும் கொஞ்சம் நிற்கும். மற்ற போல்ட்டுகளைத் தளர்த்தி ஒரு மூலையில் மட்டும் பிடிப்பு வைத்தால் பேன் சாயும், மிச்ச ஆயிலும் வடிந்துவிடும். கேஸ்கெட் (கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் பட்டை) ஒட்டிப் பிடித்திருந்தால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டு. ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பினால் அலுமினிய முகத்தில் கீறல் விழுந்து, அப்புறம் எந்தக் கேஸ்கெட் போட்டாலும் கசியும்.

பேனைத் திருப்பியதும் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடியில் சின்னச் சின்னக் காந்தங்கள் ஒட்டியிருக்கும், அவற்றின் மேல் கண்மை போல ஒரு கருஞ்சாம்பல் மசி. "அப்பா, கியர்பாக்ஸ் போச்சா?" என்றான். விரலில் தொட்டுத் தேய்த்துக் காட்டினேன். வழுவழுவென்று, துகள் தட்டாமல் இருந்தால் அது வயசுக்கு ஏற்ற தேய்மானம். விரலில் நறநறவென்று பட்டாலோ, ஊசி மாதிரிச் சீவல் கண்ணில் பட்டாலோதான் கவலைப்பட வேண்டும். காந்தங்களைத் துடைத்து அதே இடத்தில் வைத்தோம். அந்தக் காந்தங்கள் இருந்த இடத்தைக் கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் நல்லது.

ஃபில்டரைக் கழற்றும்போது ஒரு விஷயம். சில பெட்டிகளில் அதன் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஃபில்டர் கையோடு வந்தாலும் அந்த வளையம் மேலேயே ஒட்டி நிற்கும். அதைப் பார்க்காமல் புது வளையத்தோடு புது ஃபில்டரை ஏற்றினால் சரியாக உட்காராது. பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். டார்ச் அடித்துப் பார். துடைப்பதற்கு பனியன் வேஸ்ட், காட்டன் வேஸ்ட் பக்கமே போகாதே. நம் ஒர்க்‌ஷாப்பில் எல்லாவற்றுக்கும் அதுதான், ஆனால் இங்கே ஒரு நூல் பிரிந்து உள்ளே போனாலும் ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியின் சந்துகளில் சிக்கும். நூல் உதிராத துணி வேண்டும்.

புது கேஸ்கெட்டுக்குப் பசை எதுவும் தடவாமல் உலர்ந்தபடியே வை. இறுக்குவதில்தான் உன்னை நினைத்துப் பயப்படுகிறேன். உன் கைவாகு எனக்குத் தெரியும். பெஞ்ச் வைஸையே உடைத்த ஆள் நீ. என் வண்டியில் இந்தப் போல்ட்டுகளுக்கு வேண்டியது வெறும் 5 நியூட்டன் மீட்டர் சுற்றுப் பிடிப்பு. சின்ன ராட்செட்டைத் தலையோடு பிடித்து இரண்டு விரலால் திருகுகிற அளவு, அவ்வளவுதான். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வா. கசியும் என்று பயந்து இன்னும் ஒரு திருகு திருகினால் கேஸ்கெட் பிதுங்கும், பேன் விளிம்பு வளையும், அலுமினியத்தில் மரை கழன்றுவிடும். கசிகிற பேன்களில் பாதி அதிகமாக இறுக்கியதால் கசிகிறவை என்பது என் கட்சி.

அடுத்தது அளவு பார்ப்பது. வடிந்த அளவுக்கு ஊற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து (பார்க்) ஒவ்வொரு கியராகச் சில நொடி நிறுத்தி நகர்த்தி மறுபடி பி-க்கு வா. ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டு எடு. ஹாட் என்ற கோடுகளுக்குள் இருக்க வேண்டும். டிப்ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் ஆயில் வேறு வேறு உயரத்தில் தெரிந்தால் குறைந்த பக்கத்தை எடுத்துக்கொள். எஞ்சின் ஆயில்போல நிறுத்திவிட்டுப் பார்த்தால் கணக்கு தப்பும். ஊற்ற ஊற்ற நல்லது என்பதும் இதில் கிடையாது. அதிகமானால் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் நிற்காது. டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகளில் ஆயில் 40 டிகிரி சுற்றி இருக்கும்போது வழியும் துளையைத் திறந்து பார்க்கச் சொல்வார்கள். மதுரை மே மாதத்தில் எஞ்சினைத் தொடாமலே அந்தச் சூடு வந்துவிடும், ஆகவே மார்கழியில் வைத்துக்கொள்.

இதில் ஒரு குறை உண்டு. பேனிலிருந்து மூன்று லிட்டர் வந்தாலும், டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் மிச்சம் அப்படியே இருக்கும். மொத்தம் ஏழு லிட்டர் என்று வைத்துக்கொள், ஒரு தடவை வடித்து ஊற்றினால் புதுசு 43 சதவீதம். சில மாதம் ஓட்டி மறுபடி செய்தால் 67. மூன்றாவது தடவை 81. ஃபில்டரை முதல் தடவை மாற்றினால் போதும், அடுத்தடுத்த தடவை பிளக்கை மட்டும் திறந்தால் ஆச்சு. மெஷின் வைத்து ஒரே நாளில் முழுசையும் தள்ளி எடுக்கிறார்கள்தான். பழைய ஆயிலில் பழகிப்போன பெட்டிக்கு இப்படி மெதுவாகச் செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பையனுக்கு நான் சொன்ன கதை ஒன்று உனக்கும் பிடிக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் முதல் முழு ஆட்டோமேட்டிக்கை, ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் விற்றது. அதற்கப்புறம் பல வருஷம் இந்த ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் கலந்திருந்தார்கள், கிளட்ச் மெத்தென்று பிடிக்கட்டும் என்று. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்த பிறகுதான் ரசாயனத்தில் மாற்று தேடினார்கள். பையன் சாயந்திரம் முழுக்க அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். போல்ட்டைப் பிடிக்க வேண்டிய கை டார்ச்சோடு எங்கேயோ போய்விட்டது.

பழைய ஆயிலை இங்கே உதிரிபாகக் கடைகளிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். நீ சாக்கடையில் ஊற்றிவிடாதே. கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கிற ஆளுக்குக் கொடு.

அண்ணி உன் வீட்டு வெங்காய வடகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன், டிக்கெட் இன்னும் போடவில்லை. கேஸ்கெட், ஃபில்டர் இரண்டுக்கும் பார்ட் நம்பரைக் கையேட்டிலோ ஷோரூமிலோ கேட்டு வாங்கி வை. டிப்ஸ்டிக் இருந்தால் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு ஒரு தடவை போதுமா, மூன்று தடவை வேண்டுமா என்று எழுதுகிறேன். அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் பார்ட்னர்